காடைக்கு அன்னாசிப் பாகு

நாலந்தா பக்கத்துக் குடும்பங்களுக்கு மிளகும் கறுவாவும் புதுசு அல்ல. மாத்தளை மாவட்டமே அவற்றுக்குப் பேர் போனது. இவற்றோடு அன்னாசியையும் சேர்த்து, விசேஷ நாளில் காடைக்கு இனிப்புப் பாகு பூசிச் சமைக்கும் விதத்தை இம்முறை பார்ப்போம். பிரான்சு நாட்டில் காடையைத் திராட்சைப் பழத்தோடு சமைப்பார்கள். நமக்கு அன்னாசி போதும். காடை கிடைக்காவிட்டால் சின்னக் கோழியைத் துண்டு போட்டும் செய்யலாம்.

இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இனிப்பு நெருப்பில் சீக்கிரம் கறுக்கும். மேலே நல்ல நிறம் வந்துவிட்டதே என்று இறக்கினால், உள்ளே எலும்போரம் பச்சையாகவே இருக்கும். சரியாக வேகாத இறைச்சியில் சல்மொனெல்லா போன்ற கிருமிகள் சாகாமல் இருந்து வயிற்றோட்டத்தையும் வாந்தியையும் உண்டாக்கும். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் வயசானவர்களும் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுவார்கள். ஆகவே இறைச்சி முதலில் வேகட்டும், பாகு கடைசியில் சேரட்டும். இதுதான் நம் பாடம்.

தேவையானவை

காடை 4, அன்னாசிச் சாறு 1 கப், தூளாக்கிய கருப்பட்டி 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, கறுவா சிறு துண்டு, தேசிக்காய் பாதி, இஞ்சி, உள்ளி, உப்பு, எண்ணெய்.

செய்முறை

1. சுத்தம் செய்த காடையை முதுகுப் பக்கமாக வெட்டி விரியுங்கள். இஞ்சி, உள்ளி, மிளகு, உப்பு பூசி அரை மணி நேரம் மூடி வையுங்கள். பச்சை அன்னாசிச் சாற்றில் ஊற வைக்க வேண்டாம். அது இறைச்சியைக் குழைய வைத்துவிடும். காய்ச்சினால் அந்தக் குணம் போய்விடும்.

2. சாறு, கருப்பட்டி, கறுவா மூன்றையும் பாதியாக வற்றும்வரை காய்ச்சி, தேசிக்காய்ச் சாறு விட்டு இறக்குங்கள்.

3. தாச்சியில் எண்ணெய் விட்டு, காடையை இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். பிறகு கொள்ளியை இழுத்து நெருப்பைக் குறைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி 20 நிமிடம் வேக விடுங்கள்.

4. தொடையில் குத்திப் பாருங்கள். வடியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும், எலும்போரம் சிவப்பு இருக்கக் கூடாது. இருந்தால் இன்னும் வேகட்டும். வெந்த பிறகு பாகை ஊற்றி, 3 நிமிடம் புரட்டி இறக்குங்கள்.

பச்சை இறைச்சி பட்ட கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே வேறு வேலை. சீனி வியாதி உள்ளவர்களுக்குப் பாகு ஊற்றுமுன் ஒன்றைத் தனியாக எடுத்து வைப்போம். காடை எலும்பு மெல்லியது, தொண்டையில் சிக்கும். பிள்ளைகளுக்கு எலும்பை நீக்கிக் கொடுப்போம்.