பூங்காவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?



ஒரு வார்டு கூட்டத்தில் ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: "மூணு வருஷமா மனு கொடுக்கிறோம். ஃபண்டு வரட்டும்னே சொல்றாங்க. அது எங்கேயிருந்துங்க வரணும்?" நியாயமான கேள்வி. இந்த மாதப் பாடம் அதுதான்.

நம் குழுவையே எடுத்துக்கொள்வோம். நாம் போடும் சேமிப்பு நம் கையில் இருக்கிறது. சுழல்நிதி அப்படியா? தரமதிப்பீடு முடியணும், பட்டியலில் பெயர் வரணும். நகராட்சிக்கும் இதே கதைதான். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை எல்லாம் அதன் சேமிப்பு. சம்பளம், குப்பை, தெருவிளக்கு கரண்டு பில் என்று அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். புதிதாகப் பூங்கா, நடைபாதை என்றால் பெரும்பாலும் மேலேயிருந்து மானியம் வந்தாகணும்.

மானியம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலது போட்டி. 2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நகரங்கள் திட்டம் எழுதிக் கொடுத்துப் போட்டி போட்டன. சென்னை, கோவை 2016 ஜனவரியிலேயே தேர்வாயின. ஈரோடு 2018 ஜனவரி வரை காத்திருந்தது. தமிழகத்தில் 11 நகரங்களுக்குத்தான் கிடைத்தது. பலமுறை நீட்டிக்கப்பட்டு 2025 மார்ச்சோடு அந்தத் திட்டமும் முடிந்துவிட்டது.

சிலது நிபந்தனையோடு வரும். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கு, 10 லட்சம் மக்களுக்குக் குறைவான நகரங்களுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கு மட்டுமே. மீதி 40-ல்தான் ஊர் தன் தேவையைப் பார்க்க முடியும். சொத்து வரியைச் சீரமைத்தால்தான் பணம் என்றும் சொன்னார்கள். 2022-ல் தமிழகத்தில் வீட்டு வரி ஏறியபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. ஏறிய வரிக்கும் தெருமுனைப் பூங்காவுக்கும் இப்படி ஒரு முடிச்சு இருக்கிறது.

இன்னொன்று 'நமக்கு நாமே' திட்டம். வேலையின் மதிப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் போடணும். 9 லட்சம் வேலை என்றால் 3 லட்சம் நம் பக்கம்.

இதில் நாங்கள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறோம். ஒரு ஊரில் அதிகாரி வந்து காலியிடத்தை அளந்து எஸ்டிமேட் போட்டார். பணமே வந்துவிட்டது என்று நாங்கள் நினைத்து, குழுக்களில் ஆளுக்கு 100 ரூபாய் வசூலிக்கச் சொன்னோம். நிர்வாக அனுமதி அந்த வருஷம் வரவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வீடு வீடாகப் போனது அதிகாரி இல்லை, நம் ஊக்குநர்கள். ஒரு ஊக்குநரின் மாமியார், "இனிமே சங்கத்துக்குப் போகாதே" என்று சொல்லிவிட்டார். தப்பு எங்களுடையது. எஸ்டிமேட் வேறு, அனுமதி வேறு என்று நாங்கள்தான் முதலில் கற்றிருக்கணும்.

வரிசை இதுதான்: மதிப்பீடு, மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, டெண்டர், அதற்குப் பிறகு வேலை உத்தரவு. பணமும் பெரும்பாலும் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று போனால்தான் அடுத்தது. வேலி நிற்கும், சறுக்கு மரம் இருக்காது என்று நாம் பார்க்கும் பாதிப் பூங்காக்கள் பலவற்றின் கதை இது.

பூங்கா கட்டிய பிறகு தண்ணீர் ஊற்ற, ராத்திரி பூட்ட யார்? மானியம் கட்டுவதற்குக் கிடைக்கும், காவலாளி சம்பளத்துக்குக் கிடைப்பது அபூர்வம். அது நகராட்சியின் சொந்தப் பணத்தில்தான். விளக்கு இல்லாத பூங்காவுக்குள் எந்தப் பெண் போவாள்? ஆகவே மனுவில் பராமரிப்பையும் சேர்த்தே கேளுங்கள்.

2022-ல் வந்த விதிகளின்படி நகரங்களிலும் வார்டு குழு, பகுதி சபை உண்டு. வரும் சபைக்கு முன் உங்கள் குழுவில் இந்த மூன்றையும் பேசி, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்: நம் மனைப்பிரிவில் பொதுவுக்கு விட்ட இடம் எது, இப்போது யார் கையில் இருக்கிறது? நம் வேலை மேலே சொன்ன வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது? எந்த மானியத்தில் கேட்டிருக்கிறார்கள்?

பதிலை எழுத்தில் கேளுங்கள். கிடைத்ததை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.