பைலட் கோர்ஸில் சேர்றீங்களா? முதல் ஹெட்செட்டுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?

இன்னைக்கு நாம பார்க்கப் போறது கையில் பிடிக்கிற அளவுக்கு ஒரு சின்னப் பொருள். விலையைக் கேட்டா மட்டும் சின்னதா தெரியாது. பைலட் பயிற்சிக்குப் போற பிள்ளைங்க முதல் மாசமே வீட்டுக்கு ஃபோன் பண்ணிக் கேட்கிற ஏவியேஷன் ஹெட்செட்தான் அது. ஹாஸ்டலில் சீனியர் கழுத்தில் போஸ் தொங்கும். அதைப் பார்த்துட்டு "எனக்கும் அதுதான் வேணும்"னு கேட்பாங்க. இந்தப் பக்கம் அப்பா வீட்டுப் பத்திரத்தை ஏற்கெனவே பேங்க்கில் வச்சிருப்பார். கோர்ஸுக்கே 45 லட்சம் போகுது, இன்னும் ஒன்றரை லட்சத்தில் என்ன வந்துடப் போகுதுன்னு அவருக்கும் தோணும். அந்த நினைப்புதான் ஆபத்து. பெரிய செலவு பக்கத்தில் வச்சுப் பார்த்தா எந்தச் சின்னச் செலவும் இலவசம் மாதிரியே தெரியும். கல்யாண வீட்டில் நாம எல்லாரும் பார்த்த விஷயம்தான் இது.

முதலில் பயிற்சியின் கணக்கைப் பார்ப்போம். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க டிஜிசிஏ விதிப்படி குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்கணும். கோர்ஸ் செலவை 45 லட்சம்னு வச்சுக்கிட்டா, எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரப் பறத்தலுக்கு 22,500 ரூபாய் ஆகுது. இந்த எண்ணை மனசில் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ஹெட்செட்டில் ரெண்டு வகை இருக்கு. ஒன்னு பாஸிவ். காதை இறுக்கமா மூடி, வெறும் பஞ்சும் பிளாஸ்டிக்குமா சத்தத்தைத் தடுக்கும். அமெரிக்காவின் டேவிட் கிளார்க் கம்பெனியோட பச்சை நிற ஹெச்10-13.4 இதில் ரொம்பப் பிரபலம். உலகம் முழுக்க பயிற்சிப் பள்ளிகளில் பார்க்கலாம். இன்னொன்னு ஏஎன்ஆர். உள்ளே இருக்கிற சின்ன மைக் இரைச்சலைக் கேட்டு, அதுக்கு எதிரான ஒலி அலையை உருவாக்கி இரைச்சலை அழிக்கும். போஸ் ஏ20, அதுக்கு அடுத்து 2023-ல் வந்த ஏ30, லைட்ஸ்பீட் நிறுவனத்தின் மாடல்கள் எல்லாம் இந்த வகை. ஒரு சின்ன இடைச்செருகல்: போஸ் கம்பெனியைத் தொடங்கிய அமர் போஸின் அப்பா கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன வங்காளி. 1978-ல் ஸூரிச்சிலிருந்து விமானத்தில் திரும்பும்போது இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாத எரிச்சலில் அமர் போஸ் போட்ட கணக்குதான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆரம்பம். விற்பனைக்கு ஹெட்செட்டா வர 1989 ஆச்சு.

விலைக்கு வருவோம். கடைக்குக் கடை, டாலர் ரேட்டுக்கு ரேட் மாறும். அதனால கணக்குக்காக நல்ல பாஸிவ் 40,000, உச்ச ஏஎன்ஆர் 1,40,000 என்று வச்சுக்கறேன். 200 மணி நேரத்தில் வகுத்தா மணிக்கு 200 ரூபாய் எதிரே 700 ரூபாய். "22,500-ல் 500 ரூபாய் வித்தியாசம்தானே சார்"னு கேட்கலாம். கையில் பணம் வச்சு வாங்கினா அந்தக் கேள்வி நியாயம். லோனில் சேர்த்து வாங்கினா இந்தக் கணக்கு வேற மாதிரி போகும்.

11% வட்டியில் எஜுகேஷன் லோன். முதல் 2 வருஷம் மாரட்டோரியம், அந்தக் காலத்துக்குத் தனி வட்டி ஓடி அசலில் சேருது, பிறகு 10 வருஷம் இஎம்ஐ. 1,40,000 ரூபாய் ரெண்டு வருஷ முடிவில் 1,70,800 ஆகியிருக்கும். மாச இஎம்ஐ சுமார் 2,350. மொத்தமாகக் கட்டுவது 2,82,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. அதே லோனில் 40,000 ரூபாய் ஹெட்செட் என்றால் மாசம் 672, மொத்தம் சுமார் 80,700. ஆக, கடையில் 1 லட்சமா தெரிஞ்ச வித்தியாசம் கடைசியில் 2 லட்சத்தைத் தாண்டுது. ஹெட்செட் பழசாகி மூலையில் கிடக்கும்போதும் இஎம்ஐ ஓடிக்கிட்டிருக்கும். லைசென்ஸ் கையில் வந்த உடனே எல்லாருக்கும் ஏர்லைனில் வேலை கிடைக்கிறதும் இல்லை. டைப் ரேட்டிங்குக்கு இன்னும் லட்சங்கள் வேணும். அந்த நேரத்தில் மாசம் 1,680 ரூபாய் கூடவா குறைவா என்பது விளையாட்டு இல்லை.

"நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே"ன்னு சிலர் சொல்வாங்க. அதில் வட்டி இல்லாம இல்லை. பேங்க் வட்டி போடும், அதே அளவு தொகையைக் கடைக்காரர் முன்கூட்டியே தள்ளுபடியா காட்டுவார். அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க கார்டில்தான் விழும், ப்ராசஸிங் கட்டணமும் வரலாம். ஸ்டேட்மென்ட்டை வரி வரியா பாருங்க.

சரி, அப்போ பணத்துக்காகக் காதை விட்டுடறதா? இதுதான் முக்கியமான கேள்வி, இதைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

ஏர்லைன் பைலட்டாக கிளாஸ் 1 மெடிக்கல் வேணும். அதில் ஆடியோமெட்ரி உண்டு. சர்வதேச அளவுகோல்படி 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் கேட்கும் திறன் இழப்பு 35 டெசிபலுக்கு மேல போகக் கூடாது, 3000 ஹெர்ட்ஸில் 50-க்கு மேல போகக் கூடாது. அதாவது வீட்டுப் பத்திரத்தை வச்சுப் படிக்கிற படிப்புக்குக் காதும் ஒரு மூலதனம். செஸ்னா 172 மாதிரி பயிற்சி விமானத்தின் உள்ளே சத்தம் 90 டெசிபலைச் சுலபமா தாண்டும். அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்ற வரம்பு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் 1 மணி நேரம்தான். வெறும் காதோட ஒரு ஃப்ளைட் போனாலே அன்றைய கோட்டா முடிஞ்சுடும்.

இப்போ பாஸிவ் ஹெட்செட்டைப் போடுங்க. ஹெச்10-13.4-ன் லேபிள் மதிப்பு 23 டெசிபல். லேபிளில் இருக்கிறது அப்படியே கிடைக்காது. கண்ணாடிக் கம்பி, தலைமுடி எல்லாம் சீலில் இடைவெளி விடும். அதனால பாதிதான் கிடைக்குதுன்னு வச்சாலும் 95 டெசிபல் 83 அல்லது 84 ஆகுது. ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் பறக்கிற மாணவருக்கு அது வரம்புக்குள்ளேயே இருக்கு. இன்னும் பயமா இருந்தா, மெடிக்கல் கடையில் கிடைக்கிற ஃபோம் இயர்பிளக்கை உள்ளே வச்சு மேல ஹெட்செட்டை மாட்டி வால்யூமைக் கூட்டிக்கலாம். பழைய பைலட்கள் பண்றதுதான் இது.

ஏஎன்ஆர் எங்கே ஜெயிக்குதுன்னா அடித்தொண்டைச் சத்தத்தில். எஞ்சின் 2,400 ஆர்பிஎம்மில் ஓடும்போது ரெண்டு இறக்கை ப்ரொப்பெல்லர் ஒரு நொடிக்கு 80 தடவை காற்றை வெட்டும். நாலு சிலிண்டர் எஞ்சினின் வெடிப்பும் நொடிக்கு அதே 80. இந்த 80 ஹெர்ட்ஸ் உறுமலைப் பஞ்சு அதிகம் தடுக்காது, ஏஎன்ஆர் அப்படியே அமுக்கிடும். இறங்கி வந்தா தலை கனக்காது, களைப்பு குறையும். சொகுசு உண்மைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மாணவர் பறக்கிற அளவுக்கு அது சொகுசுதான். நாளைக்கு இன்ஸ்ட்ரக்டராகி தினமும் 5, 6 மணி நேரம் அதே விமானத்தில் உட்காரும்போது அது தேவையா மாறும். அப்போ வாங்குங்க, அப்போ சம்பளமும் இருக்கும்.

ஆனா ரொம்பக் கீழேயும் போகாதீங்க. பேர் தெரியாத 10,000 ரூபாய் செட், பள்ளியின் பொது ஹெட்செட், ரெண்டையும் நான் விரும்ப மாட்டேன். பொது ஹெட்செட்டில் சீல் கிழிஞ்சிருக்கும், மைக் பஞ்சில் பத்துப் பேர் எச்சில் இருக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை, டவர் சொல்றது சரியா கேட்காது. கேட்காம "ஸே அகெய்ன்" சொல்லிச் சொல்லியே பாடம் கெட்டு ஒரே ஒரு மணி நேரத்தைத் திரும்பப் பறக்க வேண்டி வந்தாலும் 22,500 போச்சு. மிச்சம் பிடிச்ச 30,000-ல் முக்கால்வாசி ஒரே நாளில் காலி.

வாங்கும்போது பிளக்கைப் பாருங்க. சாதாரண பயிற்சி விமானங்களில் ரெண்டு பிளக் இருக்கும். காதுக்கு ஒன்னு பெரிசா, மைக்குக்கு ஒன்னு கொஞ்சம் ஒல்லியா. ஹெலிகாப்டருக்கு ஒற்றை பிளக், ஏர்பஸ்ஸுக்கு ஐந்து முள் பிளக், சில விமானங்களில் மின்சாரமும் சேர்த்துத் தர்ற ஆறு முள் பிளக். ஆன்லைனில் "நல்ல ஆஃபர்"னு வர்றது பல நேரம் இந்த மாதிரி வேற பிளக் வச்சதுதான். உங்க பள்ளி விமானத்தில் எது இருக்குன்னு கேட்டு வாங்குங்க. கேமிங் ஹெட்ஃபோனை அடாப்டர் போட்டு மாட்டலாம்னு யாராவது சொன்னா வேண்டாம். மைக்குக்கு வர்ற வோல்டேஜே வேற. இன்னொன்னு, ஸ்டீரியோ ஹெட்செட்டில் மோனோ சுவிட்ச் இருக்கா பாருங்க. அது தப்பா இருந்தா ஒரு காது ஊமையா இருக்கும், புதுசா வாங்கினது ரிப்பேர்னு நினைச்சுப் பதறுவீங்க. புளூடூத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். மாணவருக்கு மேலே பாட்டும் வேண்டாம், ஃபோனும் வேண்டாம்.

"அமெரிக்காவில் மாமா இருக்கார், வாங்கிட்டு வரச் சொல்றேன்" என்பது அடுத்த யோசனை. நல்ல யோசனைதான், கணக்கு போட்டா. வெளிநாட்டிலிருந்து வர்றவர் வரியில்லாமக் கொண்டுவர ஒரு வரம்பு உண்டு. 2016 பேகேஜ் விதிகளில் அது 50,000 ரூபாயா இருந்துச்சு. பயணம் பண்ற தேதியில் நடப்பில் இருக்கிற வரம்பைப் பார்த்துக்கங்க. மாமாவின் வரம்பையும் அத்தையின் வரம்பையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது. 40,000 ரூபாய் ஹெட்செட் இதில் அடங்கும், 1 லட்சம் தாண்டுறது அடங்காது. கூரியரில் வரவழைச்சா பொருள் விலை, கப்பல் செலவு, இன்ஷூரன்ஸ் சேர்த்த தொகை மேல சுங்க வரி வரும். அந்த வரியையும் சேர்த்து அதுக்கு மேல ஐஜிஎஸ்டி. கிரெடிட் கார்டு ஃபாரெக்ஸ் மார்க்கப் தனி. "39,000 தான்"னு ஆரம்பிச்சது வீட்டு வாசலுக்கு வரும்போது உள்ளூர் டீலர் விலையையே தொடலாம். வாரன்ட்டிக்கு அமெரிக்காவுக்கே அனுப்பணும்னா போக வர கூரியர் செலவும் உங்க தலையில்.

செகண்ட் ஹேண்ட்? என் ஓட்டு இதுக்கு நிறைய உண்டு, குறிப்பா ஏஎன்ஆர் ஆசை விடலைன்னா. லைசென்ஸ் முடிச்ச சீனியர்கள் விற்பாங்க. கையில் வாங்கி, விமானத்தில் மாட்டி, எஞ்சின் ஓடும்போது கேட்டுப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க. கேபிளை வளைச்சு ஆட்டும்போது சத்தம் விட்டு விட்டு வந்தா விட்டுடுங்க. காதுச் சீல், மைக் பஞ்சு பழசா இருந்தா பரவாயில்லை, அதைத் தனியா மாத்திக்கலாம், விலையில் குறைச்சுக் கேளுங்க. சீரியல் நம்பரும் பழைய பில்லும் கட்டாயம் வேணும். போலியும் திருட்டும் ரெண்டும் சந்தையில் உண்டு. நல்ல பிராண்ட் நல்ல விலைக்குத் திரும்ப விற்கும். 70,000-க்கு வாங்கி ரெண்டு வருஷம் கழிச்சு 50,000-க்கு விற்றா உண்மைச் செலவு 20,000தான். புதுப் பாஸிவை 40,000-க்கு வாங்கி 22,000-க்கு விற்றாலும் கிட்டத்தட்ட அதே செலவு. ஆனா 70,000 கையில் இருக்கணும், லோனில் இல்லை.

வரி விஷயம் சுருக்கமா. மாணவருக்கு வருமானமே இல்லை, அதனால ஹெட்செட்டுக்கு எந்தக் கழிவும் இல்லை. வருமான வரியில் கழிவு கிடைக்கிறது எஜுகேஷன் லோன் வட்டிக்கு மட்டும், அசலுக்கு இல்லை, பழைய வரி முறையில் இருந்தா மட்டும். பின்னாளில் இன்ஸ்ட்ரக்டராகி சம்பளமா இல்லாம ப்ரொஃபஷனல் ஃபீஸா பணம் வாங்கினா, அப்போ வாங்குற ஹெட்செட்டுக்குத் தேய்மானம் காட்டலாம், 15%. அந்த வருஷம் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா அதில் பாதி. அதுக்கும் உங்க பேரில் பில் வேணும்.

கடைசியா, எப்போ வாங்கணும். கிளாஸ் 1 மெடிக்கல் கையில் வர்றதுக்கு முன்னாடி வாங்காதீங்க. ஃபீஸே அதுக்கு அப்புறம்தான் கட்டணும்னு நான் சொல்றவன், ஹெட்செட் எங்கே போகப் போகுது. சேர்ந்த பிறகும் பல பள்ளிகளில் கிரவுண்ட் கிளாஸும் டிஜிசிஏ பரீட்சையுமா மாசக்கணக்கில் போகும், விமானத்துக்கு வரிசை நிற்கும். அந்த மாசங்கள் எல்லாம் பெட்டிக்குள்ள இருக்கிற ஹெட்செட்டின் வாரன்ட்டி ஓடிக்கிட்டே இருக்கும். ஃப்ளையிங் ஷெட்யூலில் உங்க பேர் வந்த வாரம் ஆர்டர் போட்டாப் போதும். அதுக்குள்ள நாலு சீனியர்களிடம் வாங்கி தலையில் ஒரு மணி நேரம் மாட்டி உட்கார்ந்து பாருங்க, குறிப்பா கண்ணாடி போடுறவங்க. நெற்றிப் பொட்டு எந்த செட்டில் வலிக்குதுன்னு எந்த ரிவ்யூவும் உங்களுக்குச் சொல்லாது.