சுழற்றினால் சேறு பிரியும், உப்பு பிரியுமா?

ஆறாம் வகுப்பில் கலவைகளைப் பிரித்தல் பாடத்தை நடத்த, பழவேற்காடு ஏரியோரப் பள்ளிகளுக்கு ஏரி நீரே நல்ல கற்றல் பொருள்.

செயல்பாடு: கலங்கிய ஏரி நீரை இரண்டு சிறிய பிளாஸ்டிக் பாட்டில்களில் நிரப்பி இறுக மூடவும். ஒன்றை மேசையில் அசையாமல் வைக்கவும். மற்றொன்றின் கழுத்தில் வலைக்கயிறு கட்டவும். முடிச்சை மாணவர்களே போடட்டும். நம்மைவிட உறுதியாகப் போடுவார்கள். பிறகு அவர்களைத் தொலைவில் நிறுத்தி, திறந்தவெளியில் ஆசிரியரே இரண்டு நிமிடம் சுழற்றி, மெல்ல நிறுத்தவும். இரு பாட்டில்களிலும் அடியில் படிந்த சேற்றை ஒப்பிடச் செய்யவும்.

விளக்கம்: கயிறு பாட்டிலை மையம் நோக்கி இழுத்து வட்டமாகத் திருப்புகிறது. நீரைவிட அடர்த்தி மிகுந்த மண் துகள்கள் வெளிப்புறமாக, பாட்டிலின் அடி நோக்கி நகர்கின்றன. கயிறு 1 மீட்டர், நொடிக்கு 2 சுற்று எனில், இவ்விளைவு புவியீர்ப்பைப் போல் சுமார் 16 மடங்கு. இதுவே மையவிலக்கு முறை. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் மையவிலக்கி, இரத்த அணுக்களை இவ்வாறே பிரிக்கிறது. பாலைச் சுழற்றினால், அடர்த்தி குறைந்த பாலாடை மையப்பகுதியில் சேரும்.

அடுத்து, தெளிந்த நீரை இறுத்து, எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைக்கவும். நீர் வற்றியதும் வெள்ளையாக உப்பு மிஞ்சும். கரைந்த உப்பு இச்சுழற்சியில் பிரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் நீரில் இருக்கலாம்.

மதிப்பீடு: “தெளிந்த நீரெல்லாம் குடிநீரா?” காரணத்துடன் ‘இல்லை’ என்று மாணவர் சொன்னால், பாடம் வீடு வரை சென்றுவிட்டது.