வெற்றிடத்தைக் காக்கும் கட்டடம்

கேள்வி: ரூஜிலிருந்து பிக்கரிங் பக்கம் போகும்போதெல்லாம் அணுமின் நிலையத்தில் உயரமான உருளைக் கட்டடம் ஒன்றைப் பார்க்கிறேன். அதுதான் பெரிய உலையா?
– வாசகர், ரூஜ்

பதில்: இல்லை. உலைகள் குவிமாடக் கட்டடங்களுக்குள் இருக்கின்றன. நீங்கள் பார்ப்பது வெற்றிடக் கட்டடம். சுமார் 50 மீட்டர் உயரம். உள்ளிருக்கும் காற்றில் பெரும்பகுதியைப் பம்புகள் உறிஞ்சி எடுத்துவிடும்.

ஏன் இந்தப் பாடு? உலையில் ஒரு குழாய் உடைந்தால் கொதிநீர் நொடியில் ஆவியாகி, கட்டடத்துக்குள் அழுத்தம் எகிறும். அந்த அழுத்தமே வால்வுகளைத் திறந்துவிட, ஆவி பெரிய குழாய்வழி வெற்றிடத்துக்குள் பாய்கிறது. கூரையடித் தொட்டியிலிருந்து நீர் கொட்டி அதைக் குளிர்விக்கிறது. மின்சாரத்துக்கோ மனிதர் கட்டளைக்கோ காத்திராமல், அழுத்த வேறுபாட்டையே வேலைக்காரனாக்கிய இந்த யோசனையை எத்தனை பாராட்டினாலும் தகும். எல்லா உலைகளுக்கும் பொதுவாக இந்த ஒரே கட்டடம்தான்.

கனடாவில் உள்ள இந்தப் பிக்கரிங் நிலையத்தின் முதல் உலை 1971-இல் மின்சாரம் தந்தது. நம் தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில் 1980-களில் இயங்கத் தொடங்கிய கனநீர் உலைகளும் இதே கனடிய வடிவமைப்பின் வழி வந்தவை. அங்கே வெற்றிடக் கட்டடம் கிடையாது; ஆவியைத் தணிக்க உலைக் கட்டடத்துக்குள்ளேயே நீர்க்குளம் இருக்கிறது.

விபத்துக்கான முன்னெச்சரிக்கையாக, பிக்கரிங் நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு அயோடின் மாத்திரை வழங்கப்படுகிறது. உங்களுக்கும் வந்திருந்தால் பத்திரமாக வையுங்கள். அதிகாரிகள் சொல்லாமல் விழுங்க வேண்டாம்.