வீட்டை விற்றவனிடம் சாவி இருக்கலாமா?
(சந்தா கட்டித் திறக்கும் மோட்டார் கார்கள் பற்றிய மஸ்அலா)

கொடுக்கல் வாங்கல் பாடத்தில் மத்ரஸா மாணவர்கள் முதலாவதாகக் கற்பது, விற்பனைக்கும் வாடகைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். விற்பனைக்கு அறபியில் பைஉ என்று பெயர். விலையைப் பேசி இருவரும் பொருந்திக் கொண்டு ஒப்பந்தம் நிறைவேறிவிட்டால், பொருள் விற்றவரின் உடைமையை விட்டு நீங்கி வாங்கியவரின் உடைமையாகி விடுகிறது. வாடகைக்கு இஜாரா என்று பெயர். அதில் பொருள் உரியவரிடமே நிற்கிறது. அதன் பயன் மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு மற்றவருக்குக் கிடைக்கிறது. ஒன்றில் பொருளே கைமாறுகிறது; மற்றதில் பயன் மட்டும் கைமாறுகிறது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிவிட்டால் யாருக்கு எது ஹலால் என்பதே தெரியாமற் போய்விடும்.

இன்று மேல்நாடுகளில் மோட்டார் கார் வாணிபத்தில் இந்தக் குழப்பம்தான் தோன்றியிருக்கிறது. ஒருவர் முழு விலை கொடுத்துக் கார் வாங்குகிறார். அதன் இருக்கைக்குள் குளிர் காலத்தில் சூடேற்றும் கம்பி முன்னமே பொருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் பொத்தானை அழுத்தினால் அது வேலை செய்யாது. கம்பெனிக்கு மாதச் சந்தா கட்டினால்தான், கம்பியில்லா முறையில் தூரத்திலிருந்தே பூட்டைத் திறந்து விடுவார்கள். சந்தாவை நிறுத்தினால் மீண்டும் பூட்டு விழும். கம்பி அங்கேயே இருக்கும். சூடு மட்டும் வராது.

இது கற்பனையன்று. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி இருக்கைச் சூட்டுக்கு இவ்வாறு சந்தா கேட்ட செய்தி 2022 ஜூலையில் உலகெங்கும் பேசப்பட்டது. பிரிட்டனில் அதன் கட்டணம் மாதம் 15 பவுன். மக்களிடையே எழுந்த அதிருப்தியைக் கண்டு, இருக்கைச் சூட்டுக்கு இனி இவ்வாறு வசூலிப்பதில்லை என்று 2023இல் அக்கம்பெனி அறிவித்தது. ஆனால் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. மெர்ஸிடிஸ் கம்பெனி 2022 நவம்பரில், தன் மின்சாரக் கார்கள் சில இன்னும் விரைவாக வேகமெடுக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 1,200 டாலர் என்று அமெரிக்காவில் விலை வைத்தது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 2025இல், ஐ.டி.3 என்னும் மின்சாரக் காரின் முழு ஓட்டுவிசையைத் திறந்துவிடப் பிரிட்டனில் மாதம் 16 பவுன் 50 பென்ஸ் கேட்டது. இவற்றிலெல்லாம் கம்பெனியின் ஆள் எவரும் வந்து புதிதாக ஒரு திருகாணியும் மாட்டுவதில்லை. உள்ளதைத் திறந்து விடுகிறார்கள், அவ்வளவே.

கம்பெனிகள் கூறும் நியாயத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். எல்லாக் கார்களிலும் ஒரே விதமான கருவியைப் பொருத்தினால் உற்பத்திச் செலவு குறைகிறது. வாங்கும்போதே அந்த வசதி வேண்டுமென்று கூடுதல் விலை கொடுத்தவருக்குச் சந்தா கிடையாது. அப்போது வேண்டாமென்றவர் பிறகு விரும்பினாலோ, பழைய கார் வாங்கியவர் ஆசைப்பட்டாலோ, ஒரு மாதம் மட்டும் பெற்றுப் பார்க்கலாம். மேலும், கம்பியை இயக்கும் கணினி நிரல் எங்கள் அறிவின் உழைப்பு. அது எங்கள் உடைமை என்கிறார்கள். இக்கடைசி வாதத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவற்றுக்கு ஷரீஅத்தில் மதிப்புண்டு என்றும் அவற்றை அத்துமீறக் கூடாதென்றும் தீர்மானித்திருக்கிறது.

அப்படியானால் ஷரீஅத் இதில் என்ன கூறுகிறது? கார் இக்காலத்துப் பொருள். ஆனால் மஸ்அலா பழையது. கிதாபுகளைத் திறந்து பார்ப்போம்.

பூட்டும் சாவியும்

ஒருவர் வீட்டை விற்றால் எவையெவை அவ்விற்பனையில் தாமாகவே சேரும் என்று ஃபுகஹாக்கள் தனிப் பாடமே எழுதியிருக்கிறார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' கிதாபில் இது விளக்கப்படுகிறது. கிணற்று வாளி, கட்டில் போன்ற எடுத்துச் செல்லும் சாமான்கள் சேரா. சுவர், பொருத்திய கதவு, ஆணி அடித்து நிறுத்திய ஏணி ஆகியவை சேரும். அதோடு ஒரு நுட்பத்தையும் கூறுகிறார்கள்: கதவில் பொருத்தப்பட்ட பூட்டின் சாவியும் விற்பனையில் சேர்ந்ததே என்பதுதான் ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்றமான சொல். ஹனஃபீ மத்ஹபில் இமாம் குதூரீ (ரஹ்) அவர்களும் இதையே கூறுகிறார்கள்: வீட்டை விற்றால் அதன் பூட்டுகளின் சாவிகளும் விற்பனையில் அடங்கும்.

சகோதரர்களே, இதைச் சற்றுச் சிந்தியுங்கள். சாவி எடுத்துச் செல்லக்கூடிய பொருள். பையில் போட்டுக் கொள்ளலாம். வாளியைப் போல அதையும் விற்றவருக்கே விட்டிருக்கலாமே! ஏன் விடவில்லை? வாளி வேறு கிணற்றுக்கும் உதவும். இந்தச் சாவியோ இந்தப் பூட்டை அன்றி வேறெதற்கும் உதவாது. அது இல்லாமல் பூட்டினால் பயனில்லை. எனவே சாவி பூட்டைத் தொடர்கிறது. பூட்டு வீட்டைத் தொடர்கிறது.

காரின் நிரலுக்கும் இக்கணக்கே பொருந்தும் என்பது நமது கருத்து. அந்த நிரலை எழுதிய அறிவு கம்பெனியுடையதுதான். அதைப் பிரதியெடுத்து வேறொருவர் விற்றால் அது அத்துமீறல். ஆனால் இந்தக் காரின் இந்தக் கம்பிக்கென்றே உள்ளே வைத்த பிரதி, பூட்டோடு செய்த சாவியை ஒத்தது. சாவி செய்யும் கலை கொல்லனுடையது என்பதால், வீட்டுக்காரர் நாள்தோறும் கொல்லனிடம் அனுமதி கேட்டா கதவு திறக்கிறார்?

பகுதியை நிறுத்தி வைக்கலாமா?

'நாங்கள் காரை விற்றோம். சூடேற்றும் கம்பியை மட்டும் விற்கவில்லை. அதை எங்களுக்கே நிறுத்திக் கொண்டோம்' என்று கம்பெனியார் கூறினால்? விற்கும் பொருளிலிருந்து ஒரு பகுதியை நீக்கிக் கொள்வது சில நிலைகளில் ஆகும். ஆனால் ஹனஃபீ கிதாபுகளில் இதற்கு ஒரு அளவுகோல் உண்டு: எதைத் தனியாக விற்க முடியுமோ அதைத்தான் விற்பனையிலிருந்து நீக்க முடியும். கூரையில் பதிந்துள்ள உத்திரத்தைத் தனியாக விற்பது கூடாது என்று அக்கிதாபுகளே கூறுகின்றன. கூரையைப் பிரிக்காமல் அதை ஒப்படைக்க இயலாதல்லவா? இருக்கைக்குள் தைத்த கம்பியும் அந்த உத்திரத்தைப் போன்றதே. இருக்கையைக் கிழிக்காமல் அதை எடுக்க முடியாது.

பொருளை விற்றுவிட்டு அதன் பயனை மட்டும் நிறுத்திக் கொள்வதற்கு ஒரு பிரபலமான ஹதீது உண்டு. ஹஸ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் தம் களைத்த ஒட்டகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு விற்றார்கள். மதீனா சேரும்வரை அதில் தாமே ஏறிச் செல்வதாகக் கேட்டுக் கொண்டார்கள். ஊர் சேர்ந்ததும் நபி (ஸல்) அவர்கள் விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவர்களுக்கே திருப்பித் தந்தார்கள். இதை ஆதாரமாக்கி இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள், குறிப்பிட்ட ஒரு பயனை விற்றவர் நிறுத்திக் கொள்ளலாம் என்கிறார்கள். ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிலோ இத்தகைய நிபந்தனை விற்பனையைக் கெடுக்கும் என்பதே பொது விதி.

இடம் கொடுக்கும் மத்ஹபின்படி பார்த்தாலும் கார் விஷயம் இதில் அடங்காது. ஜாபிர் (ரலி) அவர்கள் நிறுத்திய பயனுக்கு எல்லை இருந்தது: மதீனா வரை. அதைத் தாமே அனுபவித்தார்கள். இங்கோ எல்லை இல்லை. கம்பெனியாரும் அந்தச் சூட்டில் குளிர் காய்வதில்லை. தாமும் அனுபவிக்காமல், வாங்கியவரையும் அனுபவிக்க விடாமல், தடுத்து வைத்து அத்தடையை நீக்கக் கூலி கேட்கிறார்கள். ஒருவர் தம் சொந்தப் பொருளைப் பிறரிடமிருந்து வாடகைக்கு எடுப்பது இஜாராவே ஆகாது.

மறைப்பதும் சொல்வதும்

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கண்டித்து, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். பால் மடியைக் கட்டி வைத்து நிறையப் பால் கறப்பது போலக் காட்டி விற்ற கால்நடையை, மூன்று நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்றும் நபிமொழி உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அதன்படியே தீர்ப்புக் கூறுகிறார்கள்.

ஆகவே பொத்தானைக் கண்டு வசதி உண்டென்று நம்பி வாங்கியவரிடம், சந்தா விவரத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தால் அது குறையை மறைத்ததற்கு ஒப்பாகும். வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை, அதாவது கியாருல் ஐப், உண்டு. முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, அதற்கேற்ப விலையையும் குறைத்திருந்தால் மோசடி என்ற குற்றம் நீங்கும். கருவியை நிரந்தரமாகத் திறக்க ஒரே தடவையில் ஒரு விலை என்றிருப்பது, மாதந்தோறும் வாடகை என்பதைவிட ஷரீஅத்துக்கு நெருக்கமானது.

எல்லாச் சந்தாவும் தவறன்று

இதைக் கேட்டு, சந்தா என்றாலே கூடாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நீங்கள் இந்த மாத இதழுக்குச் சந்தா கட்டுகிறீர்கள். மாதந்தோறும் புதிய இதழ் கைக்கு வருகிறது. அதுபோல நாள்தோறும் புதுப்பிக்கும் பாதை வரைபடம், வழி நெரிசல் செய்தி, ஆபத்தில் அழைத்தால் பதில் சொல்லும் ஆள் ஆகியவற்றுக்குக் கட்டணம் வாங்குவது ஆகுமானதே. அங்கே தொடர்ந்து உழைப்பு நடக்கிறது. காரையே குத்தகைக்கு எடுத்தவரிடம் இருக்கைச் சூட்டுக்கும் சேர்த்து வாடகை வாங்குவதிலும் தடையில்லை. கார் கம்பெனியின் உடைமைதானே! ஆனால் நீங்கள் சந்தாவை நிறுத்தினால், சென்ற ஆண்டு இதழ்களை உங்கள் அலமாரியிலிருந்து எடுத்துப் போக யாராவது வருகிறார்களா? வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

புயல் காட்டிய பாடம்

2016இல் அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி, மாடல் எஸ் காரின் ஒரு வகையில் 75 அளவுள்ள மின்கலத்தை வைத்து, 60 அளவுக்கு மட்டும் திறந்து குறைந்த விலைக்கு விற்றது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது மக்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். அப்போது கம்பெனி அங்கிருந்த கார்களின் பூட்டைச் சில நாட்களுக்குத் தூரத்திலிருந்தே திறந்து விட்டது. சுமார் 30 மைல் தூரம் கூடுதலாக ஓட முடிந்தது. அந்த உதவி நற்செயலே, பாராட்ட வேண்டியதே. ஆனால் அந்த மைல்கள் அத்தனை நாளும் காருக்குள்ளேயேதான் கிடந்தன. கம்பெனியின் நினைவுக்கு எட்டாத ஒரு சிறு வெள்ளத்தில், யாரும் அறியாத ஒரு கிராமத்துச் சாலையில், அதே காரில் ஒரு குடும்பம் பாதி வழியில் நின்றிருந்தால்? தமக்குத் தேவைக்கு மேல் எஞ்சிய தண்ணீரைப் பிறருக்குத் தடுக்க வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அற்பமான புழங்கு பொருளையும் கொடுக்க மறுப்பவர்களைத் திருமறையின் 'மாஊன்' அத்தியாயம் கண்டிக்கிறது. தனக்கே பயன்படாத ஒன்றைப் பிறருக்குப் பூட்டி வைக்கும் குணத்தை இவ்விரண்டும் நமக்கு அடையாளம் காட்டுகின்றன.

நாம் செய்ய வேண்டியவை

1. கார் வாங்குபவர் எவை நிரந்தரம், எவை சந்தாவுக்குரியவை என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஒப்பமிடுவது அறிவுடைமையன்று.

2. பழைய காரை விற்பவர், சந்தா முடிந்தால் நின்றுவிடும் வசதிகளை வாங்குபவரிடம் சொல்லியே தீர வேண்டும். இங்கே மறைப்பவர் கம்பெனியார் அல்லர், நாமே ஆவோம். உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் இருவருக்கும் பரக்கத் உண்டு; மறைத்தால் அது அழிந்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து.

3. நிபந்தனையை அறிந்து ஒப்புக்கொண்டவர், பிறகு வெளியாளைக் கொண்டு திருட்டுத்தனமாகப் பூட்டைத் திறக்கக் கூடாது. முஃமின் தன் வாக்கைக் காக்க வேண்டும். ஏமாற்றப்பட்டவர் காரைத் திருப்பித் தரவோ சட்டப்படி முறையிடவோ வேண்டும். பிரேக்கும் மின்கலமும் கொண்ட வாகனத்தில் தெரியாத கை புகுவது உயிருக்கும் ஆபத்து.

4. விலைக்குள் அடங்கியதாக விற்றுவிட்டுப் பிறகு பறிப்பது கஸ்பு, அதாவது பிறர் பொருளை அபகரிப்பது ஆகும். பிறர் பொருளை அபகரிப்பது கூடாது என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இல்லை.

5. கார் கம்பெனிகளிலும் விற்பனை நிலையங்களிலும் பணிபுரியும் நம் சகோதரர்கள், வாங்க வருபவர் கேட்காவிட்டாலும் இவ்விவரத்தைத் தாமாகவே சொல்ல வேண்டும்.

இன்று கார், நாளை வீட்டுக் குளிர்ப்பெட்டியும் வயலில் ஓடும் டிராக்டரும் இப்படிப் பூட்டோடு வரலாம். பொருள் மாறினாலும் கேள்வி ஒன்றே: விற்றபின் சாவி யாரிடம்? அதை ஒவ்வொரு வியாபாரத்திலும் கேட்டுப் பழகுவோம். ஹலாலான சம்பாத்தியத்தையும் நேர்மையான கொடுக்கல் வாங்கலையும் அல்லாஹ் தஆலா நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.

வல்லாஹு அஃலம்.