தூரத்தை எண்ணிப் பழகுங்கள்: வன்னியில் உள்ளகப் பயிற்சி தொடங்கும் இளம் வைத்தியருக்கு

நியமனக் கடிதத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பெயர்களில் ஒன்றைக் கண்டதும், "அங்கே என்ன வசதி இருக்கும்?" என்றுதான் பலரும் கேட்பார்கள். நீங்கள் இன்னொரு கேள்வியையும் கேட்டுவையுங்கள்: "எனக்கு அடுத்த உதவி எவ்வளவு தூரத்தில்?" கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏ-9 வீதியில் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாகப் போனால் 100ஐத் தாண்டும். வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்கு 50க்கு மேல். வன்னியில் நல்ல வைத்தியர் என்பவர் இந்தத் தூரத்தை எப்போதும் மனதில் வைத்து, மற்ற இடங்களைவிட ஒரு மணித்தியாலம் முன்னதாக முடிவெடுப்பவர். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. போவதற்கு முன்

உள்ளகப் பயிற்சி 12 மாதம். மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறும் பெண்நோயியலும் ஆகிய பெரும் துறைகளில் இரண்டில், ஆறு ஆறு மாதமாக வேலை செய்வீர்கள். இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு கையில் இல்லாமல் ஒரு நாளும் வேலை தொடங்கக்கூடாது. வெளிநாட்டில் படித்தவர்கள் அதற்கு முன் சபையின் தகுதிப் பரீட்சையில் சித்தியடைந்திருக்க வேண்டும். இரண்டு பகுதியையும் திருப்திகரமாக முடித்ததை உங்கள் நிபுணர்கள் உறுதிப்படுத்திய பிறகே முழுப் பதிவு கிடைக்கும்.

பதிவுச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், நியமனக் கடிதம், அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளைத் தனிக் கோப்பில் வையுங்கள். ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி மூன்று முறையும் போட்டாயிற்றா, உடலில் எதிர்ப்புச்சக்தி வந்திருக்கிறதா என்று இரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி கையில் குத்திய பிறகு இதைத் தேடி ஓடுவது வீண் அந்தரம்.

2. முதல் மூன்று நாள்: வைத்தியசாலையை நடந்து பாருங்கள்

ஒரு சிறு கொப்பியை எடுத்துக்கொண்டு சுற்றிவாருங்கள். இரத்த வங்கியில் எந்த வகை இரத்தம் எவ்வளவு இருக்கும்? தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை கட்டில், எத்தனை செயற்கைச் சுவாசக் கருவி? பாம்புக்கடி எதிர்நஞ்சு எங்கே இருக்கிறது, இரவில் சாவி யாரிடம்? விடுதியின் அவசர மருந்துத் தட்டில் அட்ரினலின் எந்தப் பக்கம்? இரவில் எந்தப் பரிசோதனைகளைச் செய்யலாம், எவை காலை வரை காத்திருக்க வேண்டும்? நோயாளர் காவு வண்டிக்கு யாரிடம் சொல்ல வேண்டும்? பதில்களையும் தொலைபேசி இலக்கங்களையும் அந்தக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

சுற்றுவட்டாரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் ஆதார வைத்தியசாலைகளிலிருந்து உங்களுக்கு நோயாளர் வருவார்கள். அவர்கள் ஏற்கெனவே ஒரு நீண்ட பயணத்தை முடித்தவர்கள் என்பதை மறக்காதீர்கள்.

தாதியரையும் சிற்றூழியரையும் முதல் நாளே பெயர் சொல்லி அறிந்துகொள்ளுங்கள். இந்தப் பிரதேசத்தின் வைத்தியசாலைகளுக்கு ஒரு நினைவு உண்டு. போரின் இறுதியில், 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு உள்ளான பிறகு, நோயாளரும் காயக்காரரும் கடற்கரையோரப் புதுமாத்தளனுக்கும், பிறகு முள்ளிவாய்க்காலுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். பாடசாலைக் கட்டடங்களில், மருந்தில்லாத நிலையில் சிகிச்சை நடந்தது. அந்த நாட்களைக் கடந்தவர்கள் இன்றும் இங்கே வேலை செய்கிறார்கள். "டொக்டர், இந்தப் பிள்ளையின்ர முகம் சரியில்லை" என்று அனுபவமுள்ள தாதி ஒருவர் சொன்னால், எழுந்து போய்ப் பாருங்கள்.

3. நோயாளியின் தமிழைப் படியுங்கள்

பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நோயாளி அவருடைய தமிழில் பேசுவார். "வயித்தால போகுது" வயிற்றோட்டம். "சத்தி" வாந்தி. "முட்டு" மூச்சிழுப்பு. "தடிமன்" சளி. "செங்கமாரி" மஞ்சட்காமாலை. "ஏலாமக் கிடக்கு" என்பது உடல் முழுதும் தளர்ந்த நிலை. "அந்தரமா இருக்கு" என்று ஒரு முதியவர் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் உடனே இ.சி.ஜி. எடுங்கள். "வலி வந்தது" என்றால் அது வலிப்பாகவும் இருக்கலாம். "நோவோ, கை கால் இழுத்ததோ?" என்று கேட்டுத் தெளியுங்கள்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், இனக்கலவரங்களால் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு "நோகுது" அல்ல, "வலிக்குது". வவுனியாவிலும் வெலிஓயாவிலும் சிங்களம் மட்டுமே பேசும் நோயாளரும் வருவார்கள். ஐம்பது சிங்களச் சொற்களையாவது முதல் மாதத்தில் கற்றுக்கொள்ளுங்கள். தெற்கிலிருந்து வரும் சக வைத்தியருக்கு அதேபோல் ஐம்பது தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொடுங்கள்.

இதற்கு வடக்கில் முன்னோடி ஒருவர் உண்டு. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். ஊர்மக்களின் மொழியில்தான் வைத்தியம் அவர்களிடம் போய்ச் சேரும் என்று அவர் கண்டுகொண்டார். நீங்களும் "அம்மா", "ஐயா" என்று அழைத்துக் கதையைத் தொடங்குங்கள். நோயாளி "தம்பி", "பிள்ளை" என்று திருப்பி அழைத்தால், அவர் உங்களை நம்பத் தொடங்கிவிட்டார்.

4. நாளின் ஒழுங்கு

நிபுணர் விடுதிக்கு வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே வாருங்கள். முதலில் மோசமான நோயாளி, அடுத்து இரவில் அனுமதிக்கப்பட்டவர், பிறகு மற்றவர்கள் என்ற வரிசையில் பாருங்கள். நாடி, இரத்த அழுத்தம், சுவாச வேகம், சிறுநீர் அளவு ஆகியவற்றை அட்டையில் படிப்பதோடு நிற்காமல், கையால் தொட்டும் கண்ணால் கண்டும் உறுதிசெய்யுங்கள்.

கட்டில் அட்டையில் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் திகதி, நேரம், கையொப்பம் வேண்டும். "நோயாளி நலம்" என்று எழுதுவதில் பயனில்லை. என்ன கண்டீர்கள், என்ன நினைக்கிறீர்கள், அடுத்து எப்போது பார்ப்பீர்கள் என்று எழுதுங்கள். வேலையை ஒப்படைத்துப் போகும்போது கட்டிலருகே நின்று ஒப்படையுங்கள். "எட்டாம் கட்டில், சிறுநீர் குறைகிறது, பத்து மணிக்குப் பார், குறைந்தால் சேருக்குச் சொல்." இப்படி நோயாளி, கவலை, நேரம், செயல் நான்கும் இருந்தால் போதும்.

5. நேரத்தோடு கூப்பிடுங்கள்

பயிற்சி வைத்தியரின் பெரும் பிழை அறியாமையில் பிறப்பதில்லை. மூத்தவரை எழுப்ப வெட்கப்பட்டுக் காத்திருப்பதில்தான் அது பிறக்கிறது. வன்னியில் அந்தக் காத்திருப்புக்கு விலை அதிகம், ஏனென்றால் அதன் பிறகு வீதி இருக்கிறது.

உங்களுக்கென ஒரு விதி வகுத்துக்கொள்ளுங்கள்: நினைவு மங்கினால், மூச்சு வேகமானால், இரத்த அழுத்தம் விழுந்தால், சிறுநீர் நின்றால், அல்லது காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் உங்கள் மனம் அமைதிப்படாவிட்டால், கூப்பிடுங்கள். அழைக்கும்போது முதல் வசனத்திலேயே தேவையைச் சொல்லுங்கள்: "சேர், நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." பிறகு வயது, நோய், இப்போதைய அளவுகள், செய்த சிகிச்சை என்ற ஒழுங்கில் சொல்லுங்கள். அழைத்த நேரத்தையும் கிடைத்த ஆலோசனையையும் அட்டையில் குறியுங்கள்.

6. இந்த மண்ணின் நோய்கள்

பாம்புக்கடி: வயலில் புடையன் எனப்படும் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இரத்தம் உறையாமல் போகும். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சரித்துப் பாருங்கள். உறையாவிட்டால் எதிர்நஞ்சுக்கு ஆயத்தமாகுங்கள். நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்புறம் வயிற்று நோவோடு, கண் இமை சரிந்து வந்தால், கடித்த அடையாளம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினையுங்கள். சுவாசத்தைக் காப்பதே அங்கே முதல் வேலை. நாம் பயன்படுத்தும் இந்திய எதிர்நஞ்சு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. அதற்கு ஒவ்வாமை அடிக்கடி வரும். குறைந்த அளவு அட்ரினலினை முன்கூட்டித் தோலின் கீழ் ஏற்றுவது கடும் ஒவ்வாமையைக் குறைக்கும் என்று 2011இல் வெளியான இலங்கை ஆய்வு காட்டியது. உங்கள் பிரிவின் நடைமுறையைப் படித்து, மருந்தை ஊசியில் ஆயத்தமாக வைத்துக்கொண்டே எதிர்நஞ்சைத் தொடங்குங்கள்.

காய்ச்சல்: மாரிகாலத்தில் டெங்கும் எலிக்காய்ச்சலும் கைகோத்து வரும். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயிர்களைப் பறித்த மர்மக் காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்றே கண்டறியப்பட்டது. வயலில் இறங்கினாரா, காலில் புண் இருந்ததா என்று கேளுங்கள். டெங்கில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம் என்பதை உறவினருக்கும் சொல்லிவையுங்கள். ஒருகாலத்தில் வன்னியை வாட்டிய மலேரியாவை ஒழித்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. ஆனாலும் இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் மலேரியாப் பரிசோதனை தவறக்கூடாது.

சிறுநீரகம்: காரணம் முழுதாகத் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவையும் தொட்டிருக்கிறது. கூலி வேலை செய்து உடல் நோவுக்கு அடிக்கடி குளிசை போடுபவரிடம், என்ன குளிசை என்று கேட்காமல் இன்னொரு வலிநிவாரணி எழுதாதீர்கள்.

உடலில் உலோகம்: "உடம்பில செல் துண்டு, பீஸ் ஏதும் இருக்குதோ?" வன்னியில் எம்.ஆர்.ஐ. படத்துக்கு அனுப்பும் முன் இதைக் கேட்டே ஆகவேண்டும். காந்தப் புலத்தில் அந்தத் துண்டு நகரலாம். தனியிடத்தில், மெல்லக் கேளுங்கள். அந்தக் கேள்வி சிலருக்கு இழந்த பிள்ளையின் நினைவையும் சேர்த்தே கிளப்பும். அவர் பேசத் தொடங்கினால் இரண்டு நிமிடம் இருந்து கேளுங்கள்.

7. வேறு வைத்தியசாலைக்கு அனுப்பும்போது

முதலில் பெறும் வைத்தியசாலையின் வைத்தியரோடு பேசி, அவர் பெயரைக் குறியுங்கள். இரண்டு நாளங்களில் ஊசி வழி, வழியில் தேவைப்படும் மருந்துகள், உறிஞ்சு கருவி, கூடப்போகும் தாதி அல்லது வைத்தியர் என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒட்சிசனைக் கணக்குப் போடுங்கள்: நிமிடத்துக்கு 10 லீற்றர் தேவைப்படுபவருக்கு இரண்டு மணித்தியாலப் பயணத்துக்கு 1200 லீற்றர். வண்டி வழியில் நின்றுபோகலாம் என்பதால் பாதியைக் கூட்டி 1800 லீற்றராக ஏற்றுங்கள். கடிதத்தில் கடைசியாகக் கொடுத்த மருந்தின் நேரம் இருக்கட்டும். யார் கூடப்போகிறார்கள், வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று உறவினரோடு பேசுங்கள். வீட்டிலிருந்து வருவோருக்கு 1990 இலக்க இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இருக்கிறது. அதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

8. துண்டு வெட்டும்போது

வீட்டுக்கு அனுப்புவதை இங்கே "துண்டு வெட்டுதல்" என்பார்கள். மாலையில் துண்டு வெட்டினால் உள்ளூர் பஸ் போய்விட்டிருக்கும். தூரத்தில் இருந்து வந்தவரின் கடதாசி வேலையை முதலில் முடியுங்கள். மருந்தை எப்படி எடுப்பது என்பதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்லவையுங்கள். எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வரவேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். கிளினிக் திகதி அறுவடை நாளில் விழுந்தால் அவர் வரமாட்டார். கேட்டுத் திகதி போடுங்கள். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் வாரத்தில் முல்லைத்தீவு எப்படி இருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

9. உங்களையும் பாருங்கள்

சாப்பிடாமல், தூங்காமல் வேலை செய்வது தியாகம் அல்ல, நோயாளிக்கு ஆபத்து. பையில் வறுத்த கச்சானோ பேரீச்சம்பழமோ தண்ணீர்ப் போத்தலோ எப்போதும் இருக்கட்டும். முழு இரவு விழித்தபின் மோட்டார் சைக்கிளில் ஏ-9இல் ஏறாதீர்கள், பஸ்ஸில் போங்கள். முதல் மரணத்துக்குப் பிறகு யாரோடாவது பேசுங்கள். சக வைத்தியரோடோ, மூத்தவரோடோ, வீட்டாரோடோ பேசலாம். மனம் தாங்காவிட்டால் 1926 இலக்கத் தேசிய மனநல உதவிச் சேவையை அழையுங்கள். நஞ்சருந்தி வந்தவரிடம் கோபப்படாதீர்கள். அவரிடம் நீங்கள் காட்டும் பொறுமையை உங்களிடமும் காட்டுங்கள்.

10. அடுத்த படி

விசேட நிபுணராவதற்கான வழி 1980இல் நிறுவப்பட்ட, கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தினூடாகப் போகிறது. தெரிவுப் பரீட்சை, பயிற்சிப் பதிவாளராக வேலை, எம்.டி. பரீட்சை, சிரேஷ்ட பதிவாளர், வெளிநாட்டுப் பயிற்சி, பிறகு நிபுணர் சான்று. ஒவ்வொரு துறைக்கும் விதிகள் வேறு என்பதால் நிறுவகத்தின் கையேட்டை முதலிலேயே வாசியுங்கள். நீங்கள் பார்த்த நோயாளரைப் பெயரில்லாமல் வேறொரு கொப்பியில் குறித்து, ஒவ்வொருவரையும் ஒட்டி இரவில் இரண்டு பக்கம் படியுங்கள். கொழும்பில் வகுப்புக்குப் போக வழியில்லாதவருக்கு நோயாளியே ஆசான்.

பயிற்சி முடிந்து போகும் நாளில் அந்தச் சிறு கொப்பியை அடுத்து வரும் வைத்தியர் கையில் கொடுங்கள். இரத்த வங்கியின் இலக்கம், எதிர்நஞ்சுச் சாவி, ஐம்பது சொற்கள், ஒட்சிசன் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். நிபுணராகி நீங்களே முல்லைத்தீவு மாஞ்சோலைக்கோ மல்லாவிக்கோ திரும்பி வந்தால், இன்று நோயாளி போகும் நூறு கிலோமீற்றரும் அவருக்கு இல்லாமலே போகும்.