கேம்பஸ் இன்டர்வியூ: சீனியர்கள் சொல்லாமல் விட்டது

இன்ஜினீயரிங் கல்லூரிகளில் ஏழாவது செமஸ்டர் வந்துவிட்டால் ஹாஸ்டலில் சீனியர்கள் சொல்லிவிட்டுப் போனதுதான் வேதவாக்கு. அதில் பல பாதி உண்மை; அதனால்தான் தொல்லையே.

“ஆப்டிடியூட்ல கணக்குப் புலிதான் தேறுவான்.” கேட்பதெல்லாம் சதவீதம், லாப நட்டம், பாலத்தைக் கடக்கும் ரயில். பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக் கணக்குதான். ஆனால் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் கிடைத்தாலே பெரிது. லேபில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் குறைக்க வைத்த சல்லடை இது. கூட்டமும் காலியிடமும் மாறினால் கட்-ஆஃபும் மாறும். ஒரு கம்பெனியில் முதல் சுற்றிலேயே விழுந்தவர் அடுத்த வாரம் இன்னொன்றில் சுலபமாகத் தாண்டுவது இப்படித்தான்.

“தெரியாத கேள்வியைத் தொடாதே, நெகட்டிவ் மார்க்!” முதலில் அது இருக்கிறதா என்று விதிமுறைப் பக்கத்தைப் படியுங்கள். பல கம்பெனித் தேர்வுகளில் கிடையாது. அங்கே கேள்வியை விடுவது மார்க்கைத் தானம் செய்வதுதான். நெகட்டிவ் மார்க் இருந்தாலும் பயந்துவிடாமல் கணக்குப் போடலாம். நான்கு விடைகள், தவறுக்குக் கால் மார்க் வெட்டு என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 16 கேள்விக்கு டிக் அடித்தால் சராசரியாக 4 சரி, 12 தவறு. 3 மார்க் போக ஒன்று மிச்சம். வெட்டு மூன்றில் ஒரு பங்கு என்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் ஒரே ஒரு விடையாவது நிச்சயம் தவறு என்று கழிக்க முடிந்தால், அந்த வெட்டிலும் சராசரியில் லாபம்தான். பிரிவுக்குப் பிரிவு தனி கட்-ஆஃப் இருந்தால் மட்டும், ஒரு பிரிவிலேயே நேரம் முழுவதையும் கொட்டிவிடாதீர்கள்.

“இங்கிலீஷ் வந்தா போதும், மத்ததை அவங்களே சொல்லிக் கொடுத்துடுவாங்க.” ஆங்கிலத்துக்கென்றே வெர்சன்ட் போன்ற தேர்வை வைக்கும் நிறுவனங்கள் உண்டு. ஹெட்செட்டில் ஒரு வாக்கியம் கேட்கும். அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மார்க் போடுவது கம்ப்யூட்டர். அதற்காக அமெரிக்கக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்ற வேண்டாம், வார்த்தையை விழுங்காமல் பேசினால் சரி.

“ரெஸ்யூமே கனமா இருக்கணும்.” எனக்கு இதன்மேல்தான் அதிகக் கோபம். ஜாவா, பைத்தான், மெஷின் லேர்னிங் என்று அடுக்கியதில் எதைத் தொட்டு வேண்டுமானாலும் கேள்வி வரலாம். பெரும்பாலும் ப்ராஜெக்ட்டில்தான் பிடி விழும். “இதுல நீங்க என்ன பண்ணீங்க?” என்பார் இன்டர்வியூ எடுப்பவர். “நாங்க டீமா பண்ணோம் சார்.” “சரி, நீங்க?” நான்கு பேர் டீமில் கோட் எழுதியது ஒருவர், மற்றவர்கள் ரிப்போர்ட்டுக்கு பைண்டிங் போட்டவர்கள் என்பது கேட்பவருக்குத் தெரியாதா என்ன! அவரும் அதே மாதிரி ஒரு டீமில் இருந்து வந்தவர்தான். “டேட்டாபேஸ்ல எத்தனை டேபிள், எதுக்கு அப்படிப் பிரிச்சீங்க?” என்ற அடுத்த கேள்வியில் விஷயம் வெளியே வந்துவிடும். ப்ராஜெக்ட் சின்னதாக இருக்கட்டும். பேப்பரை வாங்கி அதன் டேபிள்களை வரைந்து காட்டத் தெரிந்தால் பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்.

“எச்.ஆர். ரவுண்டு சும்மா ஃபார்மாலிட்டி.” வெளியூர் போவீர்களா, நைட் ஷிப்ட் வருவீர்களா, பாண்டில் கையெழுத்துப் போடுவீர்களா என்று அங்கேதான் கேட்கிறார்கள். யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் “எஸ்” சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்பவர்கள் நிறைய.

“ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, வேலை கிடைச்சாச்சு.” கல்லூரி வாசல் ஃப்ளெக்ஸில் படம் வந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த லெட்டரிலேயே நிபந்தனைகள் இருக்கும்; அரியர் இல்லாமல் முடிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சேர்ந்த பிறகும் தேர்வு ஓயாது. 2025 பிப்ரவரியில் இன்போசிஸின் மைசூர் வளாகத்தில், உள்தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் 2022-இல் படிப்பை முடித்து, வேலையில் சேரவே இரண்டு வருடம் காத்திருந்தவர்கள். ஒரு ஆஃபர் வாங்கியவர் அடுத்த கம்பெனிக்கு உட்காரக் கூடாது என்று பல கல்லூரிகளில் விதி வேறு. முதலில் வரும் கம்பெனிக்கு ஓடுவதற்கு முன் அந்த விதி உங்கள் கல்லூரியில் எப்படி என்று பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் கேட்டு வையுங்கள்.